துணிப் புத்தகங்களுக்கு ஒரு சின்ன நூலகம்: அடுக்குவதும் காப்பதும்

நெசவு, சாயம், தையல் பற்றிய புத்தகங்களை மட்டும் சேர்த்து ஒரு சின்ன நூலகம் நடத்தப் போகிறீர்களா? அலமாரியில் "நூல்" என்று மட்டும் எழுதி ஒட்டாதீர்கள். காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் தொடங்கியபோது பட்டியலைக் கணினியில் ஏற்றி "நூல்" என்று தேடினால் இருக்கிற எல்லாப் புத்தகமும் வந்து நின்றது. பஞ்சு, பட்டு, கம்பளி பற்றியவற்றுக்கு "இழை" என்று பெயர் மாற்றிய பிறகுதான் தேடல் ஒழுங்கானது.

அடுக்கும் முறை அடுத்த கேள்வி. நூலகங்கள் புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி தசம முறையில் நம் பொருள் சிதறிக் கிடக்கும்: ஆலைத் துணி உற்பத்தி 677, கைநெசவும் பூவேலையும் 746, சாயத் தொழில்நுட்பம் 667, உடை வழக்கங்கள் 391, வீட்டுத் தையல் 646. பெரிய நூலகத்துக்கு அது சரி. ஐந்நூறு புத்தகம் உள்ள ஓர் அறையில், சுங்குடிக்குச் சாயம் தோய்ப்பதைப் படிக்க வந்த பெண் ஏன் மூன்று அலமாரிக்கு நடக்க வேண்டும்? இந்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவதே வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துங்கள் என்பதுதான். அதனால் நாங்கள் துணி உருவாகும் வரிசையிலேயே அடுக்கினோம்: இழை, சாயம், பாவும் (தறியில் நீளவாக்கில் ஓடும் இழை) தறியும், நெசவு வகைகள், அச்சு, பூவேலை, தையல், அப்புறம் ஊர் ஊராகப் புடவைகள், கடைசியில் வரலாறும் வணிகமும். தறிக்காரர் உள்ளே வந்தால் யாரையும் கேட்காமல் நேராகப் போய் எடுக்கிறார். டியூயி எண்ணைப் பதிவேட்டில் மட்டும் ஒரு கட்டத்தில் எழுதி வையுங்கள், பின்னால் வேறொரு நூலகத்தோடு சேர நேர்ந்தால் உதவும்.

பதிவேடு ஒரு நீள நோட்டே போதும். வரிசை எண், தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, யார் கொடுத்தது, எந்த அலமாரி. இதோடு "வேறு பெயர்கள்" என்று ஒரு கட்டம் கட்டாயம் போடுங்கள். துணியில் குறுக்கே ஓடும் இழையைத் தறியில் உட்காருபவர் ஊடை என்பார், பாடப் புத்தகம் ஊடுநூல் என்னும், கல்லூரி மாணவி வெஃப்ட் என்று கேட்பாள். மூன்றையும் எழுதினால்தான் மூவருக்கும் அதே புத்தகம் கிடைக்கும். எங்கள் நூலகத்தில் அதிகம் உழைத்த வேலை இந்தக் கட்டம்தான், அதை நிரப்ப உதவியவர்கள் பக்கத்துத் தெரு நெசவாளர்கள். வரிசை எண்ணைப் புத்தகத்துக்குள் பென்சிலால் எழுதுங்கள். படத்தின் மேல் முத்திரை குத்தவே வேண்டாம்.

இனி துணித் துண்டுகள் ஒட்டிய மாதிரிப் புத்தகங்கள். இவைதான் இந்த நூலகத்தின் உயிர் என்று நினைக்கிறேன். பிரிட்டிஷ் அதிகாரி ஃபோர்ப்ஸ் வாட்சன் 1866-இல் இந்தியத் துணிகளை வெட்டி ஒட்டி 18 தொகுதிகளில் 700 மாதிரிகள் தொகுத்தார், இருபது படிகள் செய்யப்பட்டன. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், பழைய சாயப்பட்டறை நோட்டு ஒன்றில் கழி நூலைச் சுற்றி ஒட்டி அளவு எழுதியிருந்தால் அதை எந்த அச்சுப் புத்தகத்துக்கும் குறைவாக நினைக்காதீர்கள், அந்த நிறம் வேறெங்கும் இருக்காது. துணியில் குத்தியிருக்கும் ஸ்டேப்ளர் கம்பியை மெல்ல எடுத்துவிடுங்கள், துரு துணியில் இறங்கும். செல்லோடேப் கூடாது. ஜரிகை இருந்தால் ரப்பர் பேண்டு போடாதீர்கள், ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். பருத்தி நாடாவால் கட்டுங்கள். பக்கங்களுக்கிடையில் அமிலமில்லாத மெல்லிய தாள் வையுங்கள். மஞ்சள் போன்ற சாயங்கள் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், ஆகவே சன்னல் பக்கம் வேண்டாம். முந்தி, கரை வரைந்த கிராஃப் தாள்களை மடிக்காமல் தட்டையாக வையுங்கள், மடித்த இடத்தில் கட்டம் கிழிந்தால் எண்ணிக்கையே போய்விடும்.

பூச்சி விஷயத்தில் சோம்பல் கூடாது. கஞ்சி போட்ட துணியும் பசையும் இராமபாணப் பூச்சிக்கு விருந்து. அன்பளிப்பாக வரும் எதையும் அன்றே அலமாரியில் வைக்காதீர்கள். இரண்டு வாரம் தனிப் பெட்டியில் வைத்துப் பாருங்கள். பூச்சி தெரிந்தால் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் சுற்றி வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் தாளில் படியும். ரசாயன உருண்டைகளை நான் ஒதுக்கிவிட்டேன், மூடிய அறையில் அந்த வாசனை உட்கார்ந்து படிப்பவருக்கு நல்லதல்ல. தஞ்சாவூர் சரசுவதி மகாலில் வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை பொடித்துக் கற்பூரம் சேர்த்துப் பொட்டலமாக வைப்பது பழைய வழக்கம். நாங்களும் பொட்டலம் கட்டி அலமாரி மூலையில் வைக்கிறோம், துணியில் படாமல்.

இரவல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அச்சுப் புத்தகம் பதினைந்து நாள், மாதிரிப் புத்தகம் அறைக்குள் மட்டும். கைபேசியில் படம் எடுக்கலாம், ஃப்ளாஷ் இல்லாமல்.

திறக்கும் நேரத்தை உங்கள் வசதிக்கு வைக்காமல் வருபவர் வேலைக்கு ஏற்ப வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தெருவில் பாவு போட முடியாது, நெசவாளர்களுக்கு ஓய்வு கிடைக்கும் மாதம் அதுதான். அதே மாதத்தில்தான் அறையில் ஈரமும் ஏறும், ஆகவே அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை தள்ளி வைத்து, மின்விசிறியை ஓட விட்டு, நூலகத்தைக் காலையிலேயே திறந்துவிடுகிறோம்.