விரலால் பார்த்து விளையாட ஓர் ஆடுபுலிப் பலகை: நீங்களே செய்யலாம்

அரசலாற்றங்கரையில் எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்துக் கல்தரையில், எந்தக் காலத்திலோ யாரோ செதுக்கிய ஆடுபுலிக் கட்டம் ஒன்று இருக்கிறது. கோடை விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன் அங்கே உட்கார்ந்திருந்தபோது அவன் கை அந்தக் கோட்டில் பட்டது. பிறவியிலேயே பார்வை இல்லாத பிள்ளை. விரலை எடுக்காமல் உச்சியிலிருந்து அடிவரை தடவிப் போய்த் திரும்பி வந்து, "சித்தி, இது முக்கோணந்தானே? நடுவுல ஏன் இத்தனை கோடு?" என்றான்.

ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தேன்: புலி ஆட்டைத் தாண்டி வெட்டும், ஆடுகள் சேர்ந்து புலியை நகரவிடாமல் அடைக்கும். பத்து நிமிஷத்தில் பிடித்துக்கொண்டான். ஆனால் தன் முறை வந்து கட்டத்தைத் தடவியதும் புளியங்கொட்டைகள் எல்லாம் கலைந்துவிட்டன. மூன்றாவது தடவை கலைந்தபோது, "நீ சும்மா இரு, உனக்கும் சேத்து நாங்களே நகத்துறோம்" என்றார்கள் மற்ற பிள்ளைகள். அன்போடுதான் சொன்னார்கள். ஆனால் அதோடு அவன் ஆட்டத்தில் இல்லை.

அவனுக்கென்று தனியாக ஒரு பொம்மை வாங்கிக் கொடுக்க எனக்கு மனமில்லை. எல்லாரும் ஆடும் ஆட்டத்தையே எல்லாரும் ஆடும்படி மாற்ற வேண்டும். அப்படிச் செய்த பலகை இது.

தேவையானவை

ஒன்றரை அடிச் சதுரத்தில் 18 மி.மீ. பிளைவுட், 12 மி.மீ. தடிமன் உள்ள உருண்டை மரக்குச்சி, மெல்லிய தேங்காய் நார்க்கயிறு, வழவழப்பான வெள்ளை நைலான் கயிறு, மரப்பசை, கறுப்பு வண்ணம், பழைய சைக்கிள் டியூப். துளை போட மட்டும் ஆசாரியிடம் போனால் போதும்.

1. புள்ளிகளைக் குறிப்பது

ஆட்டத்துக்கு 23 புள்ளிகள். பலகையின் மேல்விளிம்பிலிருந்து நாலரை செ.மீ. கீழே, நடுவில் உச்சிப்புள்ளி. அதற்கு 36 செ.மீ. கீழே அடிவரிசை, அதில் 10 செ.மீ. இடைவெளியில் நான்கு புள்ளிகள், அவற்றை இணைத்து ஒரு கோடு. உச்சியிலிருந்து இந்த நான்குக்கும் நான்கு சாய்கோடுகள். பிறகு உச்சியிலிருந்து 18, 24, 30 செ.மீ. தூரத்தில் மூன்று குறுக்குக்கோடுகள், ஒவ்வொன்றும் 36 செ.மீ. நீளம். அவற்றின் இரு முனைகளையும் பக்கவாட்டில் நேர்கோட்டால் இணையுங்கள். ஒரு குறுக்குக்கோட்டுக்கு ஆறு புள்ளி, மூன்றுக்கும் 18, உச்சி ஒன்று, அடியில் நான்கு: கணக்குச் சரி.

முதல் குறுக்குக்கோட்டை உச்சிக்கு இதைவிடக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். அங்கே சாய்கோடுகள் நெருங்கிவிடும். புள்ளிகளுக்கு நடுவே 5 செ.மீ. இல்லாவிட்டால் இரண்டு காய்களுக்கு இடையில் விரல் நுழையாது.

2. துளை

13 மி.மீ. அகலம், 12 மி.மீ. ஆழம். காய் துளைக்குள் நிற்பதால் தடவினாலும் கலையாது. துளையின் வாயைப் புனல்போலக் கொஞ்சம் சரித்துவிடச் சொல்லுங்கள். மூளை முடக்குவாதத்தால் கை நடுங்கும் பிள்ளை காயைக் குறிதவறி வைத்தாலும் அது தானே சறுக்கி உள்ளே இறங்கும். அடுத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கறுப்பு வண்ணம் பூசி, நன்றாகக் காயவிடுங்கள். ஈயம் கலக்காத வண்ணமா என்று டப்பாவில் பார்த்து வாங்குங்கள்.

3. கோடுகள்

நான் அதிகம் தடுமாறியது இங்கேதான். முதலில் எல்லாக் கோட்டுக்கும் ஒரே கயிறு ஒட்டினேன். புலி ஆட்டைத் தாண்டுவது நேர்கோட்டில்தான். ஆனால் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் எது எதன் தொடர்ச்சி என்று அவன் விரலுக்குத் தெரியவில்லை. சாய்கோட்டில் வந்தவன் குறுக்குக்கோட்டில் திரும்பிவிட்டான். இப்போது சாய்கோட்டுக்குச் சொரசொரப்பான நார்க்கயிறு, குறுக்கிலும் பக்கத்திலும் வழவழப்பான நைலான். துளைக்கு 1 செ.மீ. முன்பே கயிற்றை நிறுத்திவிடுங்கள். கறுப்புப் பலகையில் வெளிர்நிறக் கயிறு என்பதால், பார்வை மங்கலான பிள்ளைக்கும் கோடு எடுப்பாகத் தெரியும்.

4. காய்கள்

ஆடு 15, புலி 3. ஆட்டுக்கு 6 செ.மீ., புலிக்கு 9 செ.மீ. குச்சி. சிவப்பு, பச்சை என்று நிறத்தால் மட்டும் பிரிக்காதீர்கள். அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத பிள்ளைகள் உண்டு. புலியின் தலையில் கயிற்றைச் சுற்றினால் தொட்டாலே தெரியும். பிடி பலமில்லாத கைக்கு, காயின் மேல்பாதியில் சைக்கிள் டியூப்பை நாலைந்து சுற்றுச் சுற்றித் தடிமனாக்குங்கள். புலிக்கு ஒரு சலங்கை மணி கட்டலாம். ஆனால் சத்தம் ஒத்துக்கொள்ளாத ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் இருப்பார்கள், ஆகவே கழற்றி மாட்டும்படி கட்டுங்கள்.

காயாகவோ அலங்காரமாகவோ குன்றிமணி மட்டும் வேண்டாம். அழகுதான், ஆனால் உள்ளே கொடிய விஷம். எதையும் வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகளிடம் இந்தக் காய்களையும் கொடுக்காதீர்கள்.

பலகை நழுவாமலிருக்க, அடியில் நான்கு மூலையிலும் டியூப் துண்டை ஒட்டிவிடுங்கள்.

5. ஆடும் முறை

விதி பழையதுதான். உச்சியிலும் அதற்குக் கீழே நடு இரண்டு புள்ளிகளிலும் புலிகள். 15 ஆடும் இறங்கும்வரை எந்த ஆடும் நகராது. நாங்கள் சேர்த்தது இரண்டே பழக்கம். காயை வைத்ததும் "ரெண்டாம் வரிசை, நாலு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காது கேளாத பிள்ளை எதிரில் இருந்தால் அந்த இடத்தை விரலால் காட்டவும் வேண்டும். தன் முறையில் பலகை முழுவதையும் தடவிப் பார்க்க எவ்வளவு நேரமும் எடுக்கலாம், யாரும் அவசரப்படுத்தக் கூடாது.

6. சோதனை

நீங்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடிப் பார்ப்பது போதாது. விரலாலேயே உலகத்தை அறிந்த பிள்ளைக்குத் தெரிவது நமக்குத் தெரியாது. அந்தப் பிள்ளையையே உட்கார வைத்து, கை எங்கே நிற்கிறது, எங்கே திரும்பிப் போகிறது என்று பேசாமல் பாருங்கள். எங்கள் வீட்டில் அவன் கை ஒவ்வொரு முறையும் பலகைக்கு வெளியே போய்த் தரையைத் துழாவியது. வெட்டுப்பட்ட ஆடுகள் எத்தனை என்று எண்ணப் பார்த்திருக்கிறான். அதனால் வலது ஓரத்தில் 15 துளைகள் உள்ள ஒரு சட்டம் சேர்த்தோம். எதிரே இருந்த என் மகளும் இப்போது அதைத் தொட்டுத்தான் எண்ணுகிறாள்.