துவான்வு திருநாளுக்கு சொங்ஸி கட்டுவது எப்படி?

சீனச் சந்திர நாட்காட்டியின் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் துவான்வு. 2026-இல் ஜூன் 19 அன்று வருகிறது. மூங்கில் இலையில் ஒட்டும் அரிசியைப் பொதிந்து கட்டி வேகவைக்கும் அன்றைய உணவுதான் சொங்ஸி. சூ நாட்டு அமைச்சரும் கவிஞருமான ச்சூ யுவான் மிலுவோ ஆற்றில் விழுந்து உயிர்விட்டார். மீன்கள் உடலைத் தின்னாதிருக்க மக்கள் ஆற்றில் சோறு போட்டார்கள். அதுவே சொங்ஸி ஆனது என்பது பரவலான கதை. கிழக்குச் சீன நகரமான சூசோ பக்கத்திலோ இதே நாள் வூ நாட்டு அமைச்சர் வூ ட்சூஷுவின் நினைவு நாள். திருநாள் இருவருக்கும் மூத்தது என்றே ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஐந்தாம் மாதம் நோய் பரவும் கெட்ட மாதம் என்ற அச்சம் பழையது. வாசலில் மாசிபத்திரியும் வசம்பும் கட்டுவது அதனால்தான்.

தெற்கே ஜியாஷிங்கில் பன்றிக்கறி வைத்துக் கட்டுவார்கள். முதல்முறை செய்பவர்களுக்கு வடக்கத்தி இலந்தை சொங்ஸியே சுலபம்.

பன்னிரண்டு சொங்ஸிக்கு: ஒட்டும் அரிசி 500 கிராம், உலர்ந்த மூங்கில் இலை 24 (கிழிசலுக்கு நாலைந்து கூடுதலாக), உலர்ந்த சீன இலந்தை 24, பருத்தி நூல். சாதா பச்சரிசி வேண்டாம், உதிர்ந்துவிடும்.

1. இலைகளை இரவு முழுக்க ஊறவைத்து, 10 நிமிடம் கொதிக்கவிட்டு, இருபுறமும் துடைத்துக் காம்பை நறுக்குங்கள். ஊறல் போதாவிட்டால் மடிக்கும்போதே கிழிந்துவிடும்.

2. அரிசியை 4 மணி நேரம் ஊறவைத்து வடியுங்கள்.

3. இரண்டு இலைகளைப் பாதி மேல் பாதியாக, வழவழப்பான பக்கம் உள்ளே வர வைத்து, சுண்டல் பொட்டலம் போலக் கூம்பாகச் சுருட்டுங்கள். நுனியில் ஊசித்துளை தெரிந்தாலும் பிரித்துத் திரும்பச் சுருட்டுங்கள். அரிசி அவ்வழியே வெளியேறிவிடும்.

4. ஓர் இலந்தை, அரிசி, இன்னோர் இலந்தை, மீண்டும் அரிசி. குச்சியால் லேசாகக் குத்தி இடைவெளியை நிரப்பி, விளிம்புக்கு அரை சென்டிமீட்டர் கீழே நிறுத்துங்கள். மிச்ச இலையை மேலே மூடி, பக்கங்களை அழுத்தி, வாலை ஒருபுறம் மடித்து நூலால் கட்டுங்கள்.

நூல் கட்டுவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். இறுக்கினால் அரிசி உப்ப இடமில்லாமல் நடுவில் கல்லாக நிற்கும். தளர்ந்தால் தண்ணீர் புகுந்து கஞ்சியாகும். நூல் நகராமல், இலையை வெட்டாமல் இருந்தால் சரி.

5. பாத்திரத்தில் நெருக்கி அடுக்கி, இரண்டு விரல்கடை மேலே நிற்கத் தண்ணீர் ஊற்றி, மிதக்காமலிருக்க ஒரு தட்டைக் கவிழ்த்து வையுங்கள். கொதித்தபின் மிதமான தீயில் 2 மணி நேரம். தண்ணீர் வற்றினால் வெந்நீரே ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கி, வேக்காடு ஒன்றுபோல் இருக்காது. அடுப்பை அணைத்து ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள்.

சூடாகப் பிரித்தால் இலையில் அப்பிக்கொள்ளும், கொஞ்சம் ஆறட்டும். வடக்கே சர்க்கரை தொட்டுச் சாப்பிடுவார்கள். மறுநாள் விறைத்துப்போனதை இலையோடு ஆவியில் வைத்தால் மறுபடி இளகிவிடும்.