செருகினால் போதும், பேக்கப் ஓடும்: யுஎஸ்பி டிஸ்க்கைத் தானாகக் கண்டறிய வைப்பது எப்படி?

வேலூர் லாங்கு பஜார் மொத்தக் கடையோ, சத்துவாச்சாரி ஆடிட்டர் அலுவலகமோ, ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷூ மேற்பாகம் தைக்கும் யூனிட்டோ, நான்கைந்து கம்ப்யூட்டர் உள்ள இடத்தில் பேக்கப் நின்றுபோவதற்கு ஒரே காரணம்தான்: யாராவது உட்கார்ந்து காப்பி போட வேண்டியிருக்கிறது. முதல் வாரம் ஒழுங்காக நடக்கும். 20-ம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் நெருங்கினால் அத்தோடு சரி.

அந்த வேலையை மெஷினிடமே விட்டுவிடலாம். எல்லா கம்ப்யூட்டரும் ஒரு பேக்கப் பெட்டியில் ஃபைல்களைப் போடும். அந்தப் பெட்டியில் வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகினால், அது நம் டிஸ்க்தானா என்று பெட்டியே பார்த்து, காப்பி எடுத்து, டிஸ்க்கை விடுவித்துவிடும். இதற்கு இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்மீடியாவால்ட் என்ற ஃபைல் சேமிப்பு மென்பொருள் போதும். இது டெபியன் லினக்ஸ் மேல் ஓடுவது.

என்னென்ன வேண்டும்

பேக்கப் பெட்டியாக வைக்கப் பழைய 64-பிட் கம்ப்யூட்டர் ஒன்று; 4 ஜிபி ரேம் தாராளம். சிஸ்டத்துக்குத் தனியாக ஒரு சின்ன எஸ்எஸ்டி, டேட்டாவுக்கு ஒரு 3.5 அங்குல டிஸ்க், வெளியே செருக இரண்டு யுஎஸ்பி டிஸ்க். இரண்டு எதற்கு என்பதைப் பிறகு பார்ப்போம். யுபிஎஸ் கட்டாயம். மின்வாரியம் முன்கூட்டி அறிவிக்கும் பராமரிப்பு நிறுத்தத்தைச் சமாளித்துவிடலாம். கோடை மழையில் சொல்லாமல் போகும் கரண்ட்தான் பாதி எழுதிய டிஸ்க்கைக் கெடுக்கும்.

நெட்வொர்க் ஸ்விட்ச் கிகாபிட்டா என்று பாருங்கள். 200 ஜிபி டேட்டாவைக் கிகாபிட்டில் அரை மணி நேரத்தில் அனுப்பிவிடலாம். பழைய 100 எம்பி ஸ்விட்ச்சில் அதே வேலைக்கு ஐந்து மணி நேரம் ஆகும்.

பெட்டியைத் தயார் செய்தல்

ஓப்பன்மீடியாவால்ட்டை இன்ஸ்டால் செய்யும்போது டேட்டா டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இன்ஸ்டாலர் தான் தேர்ந்தெடுத்த டிஸ்க்கை முழுவதுமாக அழித்துத்தான் உட்காரும். தவறான டிஸ்க்கைக் காட்டிவிட்டால் திரும்பப் பெற வழியில்லை. முடிந்ததும் ரவுட்டரில் இந்தப் பெட்டிக்கு நிலையான ஐபி ஒதுக்குங்கள். பிரவுசரில் அந்த ஐபியைத் திறந்தால் லாகின் பக்கம் வரும். யூசர் அட்மின், பாஸ்வேர்ட் ஓப்பன்மீடியாவால்ட் என்ற பெயரே, எல்லாம் சின்ன எழுத்தில். உள்ளே போனதும் முதலில் அதை மாற்றுங்கள்.

கேபிளை மாட்டி, ஸ்டோரேஜ் மெனுவில் ஃபைல் சிஸ்டம்ஸ் பக்கத்தில் டேட்டா டிஸ்க்கை லினக்ஸின் இஎக்ஸ்டி4 முறையில் ஃபார்மேட் செய்து மவுன்ட் செய்யுங்கள், அதாவது பயன்பாட்டுக்கு இணையுங்கள். ஷேர்டு ஃபோல்டர் ஒன்றே ஒன்று போதும். அதனுள் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் துணை ஃபோல்டர் வையுங்கள். ஒரு பேக்கப் வேலைக்கு ஒரு ஷேர்டு ஃபோல்டர்தான் கொடுக்க முடியும் என்பதால் இப்படி வைப்பது பின்னால் சிரமத்தைக் குறைக்கும். பிறகு யூசர் உருவாக்கி, அந்த ஃபோல்டருக்கு எழுதும் அனுமதி கொடுத்து, விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் ஃபோல்டரைத் திறக்க உதவும் எஸ்எம்பி சேவையை இயக்குங்கள். விண்டோஸ் 'நெட்வொர்க்' பட்டியலில் பெட்டி தெரியவில்லை என்று பதற வேண்டாம். இரண்டு பின்சாய்வுக்கோடு போட்டு ஐபியை நேரடியாக அடித்தால் திறக்கும்.

டேலி டேட்டா ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போடாதீர்கள். யாராவது என்ட்ரி போட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்த காப்பி அரைகுறையாக இருக்கும். டேலிபிரைமில் ஆல்ட்-ஒய் அழுத்தி, பேக்கப் தேர்ந்து, இந்த ஷேருக்கு எடுப்பதே சரி.

டிஸ்க்கை அடையாளம் காணுதல்

இங்கேதான் புதியவர்கள் சறுக்குவது. ஒரு டிஸ்க்கைச் செருகினால் லினக்ஸ் அதற்கு, உதாரணமாக, எஸ்டிபி என்று பெயர் வைக்கும். நாளை இன்னொரு பென்டிரைவ் முதலில் செருகப்பட்டிருந்தால் அதே டிஸ்க் எஸ்டிசி ஆகிவிடும். பஸ்ஸில் சீட் எண் போல: யார் முதலில் ஏறினாரோ அவருக்கு முன் சீட். ஆளை அடையாளம் காண சீட் எண் உதவாது.

உதவுவது யுயுஐடி. ஃபார்மேட் செய்யும்போது டிஸ்க்கிலேயே எழுதப்படும் அடையாளம் இது. இஎக்ஸ்டி4-ல் 32 இலக்கங்கள், நடுவில் நான்கு கோடுகள். விண்டோஸில் வழங்கும் ஃபார்மேட்களான என்டிஎஃப்எஸ்ஸில் 16 இலக்கங்கள், எக்ஸ்ஃபேட்டில் வெறும் எட்டு. எந்தப் போர்ட்டில் செருகினாலும் இது மாறாது. டிஸ்க் செருகப்பட்ட கணத்தில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தகவல் சொல்லும். யுடெவ் என்ற சேவை அந்தத் தகவலைத் தன்னிடமுள்ள விதிகளோடு ஒப்பிட்டு, பொருந்தினால் பேக்கப்பைத் தொடங்கும். நாம் செய்யப்போவது அந்த விதியை எழுதவைப்பது மட்டுமே.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். டிஸ்க்கை மறுபடி ஃபார்மேட் செய்தால் யுயுஐடி புதிதாகிவிடும். பழைய வேலை அதைக் கண்டுகொள்ளாது. ஒரு டிஸ்க்கை அப்படியே அச்சுப் பிரதியாகக் குளோன் செய்து இரண்டாவது டிஸ்க் தயாரித்தால் இரண்டுக்கும் ஒரே யுயுஐடி, பெட்டி குழம்பும். ஆகவே இரண்டையும் தனித்தனியாக ஃபார்மேட் செய்யுங்கள்.

வேலையை அமைத்தல்

சிஸ்டம் மெனுவில் பிளகின்ஸ் பக்கத்தில் யுஎஸ்பி பேக்கப் பிளகினை (கூடுதல் வசதிக்கான துணை மென்பொருள்) தேடி இன்ஸ்டால் செய்யுங்கள். முதல் யுஎஸ்பி டிஸ்க்கைச் செருகி இஎக்ஸ்டி4 ஆக ஃபார்மேட் செய்யுங்கள். மவுன்ட் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று விடுங்கள். வேலை தொடங்கும்போது பிளகினே மவுன்ட் செய்துகொள்ளும். நீங்களும் செய்துவைத்தால், டிஸ்க்கைக் கழற்றிய நாளெல்லாம் ஃபைல் சிஸ்டம்ஸ் பக்கத்தில் 'மிஸ்ஸிங்' என்று நிற்கும்.

சர்வீசஸ் மெனுவில் யுஎஸ்பி பேக்கப் திறந்து புதிய வேலை உருவாக்குங்கள். ஷேர்டு ஃபோல்டரையும் டிஸ்க்கையும் தேர்ந்து, திசையாக உள்ளிருந்து வெளியே என்பதை வையுங்கள். திசை தலைகீழானால் காலி டிஸ்க் உங்கள் டேட்டாவுக்கு மூலமாகிவிடும். டிலீட் என்ற தேர்வை இப்போதைக்கு அணைத்தே வையுங்கள். அது இருந்தால், ஷேரில் தவறுதலாக அழித்த ஃபைல் அடுத்த செருகலில் டிஸ்க்கிலும் அழியும். இரண்டாவது டிஸ்க்குக்கும் இதேபோல் தனி வேலை.

சேவ் அழுத்தியதோடு எழுந்து போய்விடாதீர்கள். மேலே வரும் மஞ்சள் பட்டையில் டிக் அடித்தால்தான் மாற்றம் அமலாகி யுடெவ் விதி எழுதப்படும். 'எல்லாம் செய்தேன், ஒன்றும் நடக்கவில்லை' என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

இப்போது டிஸ்க்கைக் கழற்றி மறுபடி செருகுங்கள். ஏற்கெனவே செருகியிருக்கும் டிஸ்க் 'வந்தது' என்ற தகவலைத் தராது. விளக்கு மின்னத் தொடங்கும். முடிந்ததை மெயிலில் அறிய, நோட்டிஃபிகேஷன் பக்கத்தில் மெயில் விவரம் கொடுங்கள். ஜிமெயில் என்றால் வழக்கமான பாஸ்வேர்ட் செல்லாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி ஆப் பாஸ்வேர்ட் எடுக்க வேண்டும்.

கண்டறியவே இல்லையா?

பெரும்பாலும் மின்சாரம்தான் குறை. 2.5 அங்குல டிஸ்க் யுஎஸ்பி வழியாகவே கரண்ட் எடுக்கிறது. யுஎஸ்பி 2 போர்ட் 500 மில்லிஆம்பியர்தான் தரும், யுஎஸ்பி 3 போர்ட் 900. சுழல ஆரம்பித்து 'டிக் டிக்' என்று நின்றுபோனால் கேபினெட் முன்பக்கப் போர்ட்டை விட்டு, பின்பக்கத்தில், மதர்போர்டிலேயே உள்ள நீலப் போர்ட்டில் குட்டை கேபிளால் செருகிப் பாருங்கள்.

டாக்கில் (டிஸ்க்கை யுஎஸ்பியில் இணைக்கும் தாங்கி) வைத்து ஃபார்மேட் செய்த டிஸ்க் வேறு டாக்கில் காலியாகத் தெரிந்தால், சில டாக்குகள் 512 பைட் செக்டரை 4096 ஆக மாற்றிக் காட்டுவது காரணமாக இருக்கலாம். அவசரப்பட்டு ஃபார்மேட் செய்யாமல் பழைய டாக்கிலேயே வைத்துப் பாருங்கள்.

சித்திரை, வைகாசியில், அதுவும் கத்திரி வெயிலில், பெட்டியை ஷட்டர் ஓரத்தில் வைக்காதீர்கள். முதல் முழு காப்பி ஓடும்போது டிஸ்க் கை வைக்க முடியாத அளவு சுட்டால் ஒரு ஃபேனைத் திருப்பிவிடுங்கள்.

இரண்டு டிஸ்க் சுழற்சி

திங்கள் ஒன்று, வியாழன் மற்றொன்று. வேலை முடிந்த டிஸ்க் பெட்டியில் தங்கக் கூடாது. இடி இறங்கினாலும், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வந்தாலும் செருகியிருப்பது சேர்ந்தே போகும். ஒன்று கடையில் இருந்தால் மற்றொன்று காட்பாடியிலோ ஆற்காட்டிலோ வீட்டு பீரோவில் இருக்கட்டும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம். ஷேரில் ஃபைல் பெயர்கள் விசித்திரமாக மாறியிருந்தால் அன்று எந்த டிஸ்க்கையும் செருகாதீர்கள். செருகினால் கெட்டுப்போன ஃபைல்கள் அந்த டிஸ்க்குக்கும் போய்ச் சேரும்.

மாதம் ஒருமுறை டிஸ்க்கிலிருந்து ஒரு டேலி பேக்கப்பை எடுத்து, வேறு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து திறந்து பாருங்கள். இஎக்ஸ்டி4 டிஸ்க்கை விண்டோஸ் நேரடியாகப் படிக்காது, 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்கும், கேன்சல் கொடுங்கள். பூட் ஆகும் லினக்ஸ் பென்டிரைவ் ஒன்றை அந்த டிஸ்க்கோடு ரப்பர் பேண்டு போட்டே வைத்துவிட்டால், பெட்டியே பழுதான நாளிலும் டேட்டாவை எடுத்துவிடலாம்.