ஜேசிபி வருவதற்கு முன்: லே-அவுட்டுக்குள் மாட்டிக்கொண்ட பழைய மரத்தைக் காப்பாற்றும் செய்முறை

தர்மபுரியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு ராகிக் காடு, அதாவது ராகி வயல், இருந்தது. அதன் நடுவே ஒரு புளியமரம். காடு மனைப்பிரிவு ஆனபோது நாங்கள் பத்துப் பேர் போய் நின்று பேசினோம். மரத்தை வெட்டுவதில்லை என்று மனை பிரித்து விற்கும் புரமோட்டர் ஒத்துக்கொண்டார், சுற்றிலும் சிமெண்ட் மேடையும் கட்டித் தந்தார். ஜெயித்துவிட்டோம் என்று வீட்டுக்குத் திரும்பினோம்.

முதல் கோடையில் இலை மெலிந்தது. அடுத்த வருஷம் உச்சிக் கிளைகள் காய்ந்தன. மூன்றாம் வருஷம் ஒரு துளிர் இல்லை. ரோட்டு மட்டத்துக்குச் சமமாக்க அடிமரத்தைச் சுற்றி இரண்டரை அடி மண் கொட்டியிருந்தார்கள், ஒரு பக்கம் சாக்கடைக்குப் பள்ளம் எடுத்திருந்தார்கள். அதற்கு மேலேதான் அந்த மேடை. கோடாலி படாமலே மரம் செத்தது, நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். அந்த மரத்திடம் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கமும் மாந்தோப்புகளும் புளியந்தோப்புகளும் இதே வேகத்தில் பிளாட் ஆகின்றன. உங்கள் ஊர் மரத்துக்கு இது உதவட்டும்.

முதல் படி: கயிறு எடுத்து அளந்து பாருங்கள்

ஒரு சணல் கயிறு, ஒரு டேப், ஒரு நோட்டு போதும். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில், நெஞ்சுக்கு நேராக, அடிமரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி அளக்க வேண்டும். அந்தச் சுற்றளவை நான்கால் பெருக்குங்கள். வருவதுதான் மரத்தைச் சுற்றி யாரும் கை வைக்கக்கூடாத வட்டத்தின் ஆரம்.

இது நான் கண்டுபிடித்த கணக்கு இல்லை. கட்டுமான இடத்து மரங்களுக்காக பிரிட்டனில் ஒரு தரநிலை இருக்கிறது, 2012-ல் திருத்தியது. அடிமரத்தின் விட்டத்தைப் போல 12 மடங்கு தூரத்துக்கு வேர்ப்பகுதியைத் தொடக்கூடாது என்கிறது. விட்டத்துக்காகச் சுற்றளவை 3.14-ஆல் வகுத்து, அதை 12-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய நான்கு மடங்குதான் வரும். 11 அடி சுற்றளவுள்ள புளிக்குச் சரியான கணக்கு 42 அடி, கயிற்றுக் கணக்கு 44 அடி. இரண்டடி கூடுவது மரத்துக்கு நல்லதுதான்.

வேர் கிணறு போல நேராகக் கீழே இறங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீரும் சத்தும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல் இரண்டு, மூன்று அடி மண்ணிலேயே பக்கவாட்டில் ஓடுகிறது. அவை மூச்சு விட வேண்டும். மேலே மண் கொட்டினாலும், லாரி ஓட்டி மண்ணை இறுக்கினாலும் காற்று உள்ளே போகாது.

நோட்டில் மரத்தின் பெயர், சுற்றளவு, கிளை பரப்பு, பொந்துகள் எத்தனை, எந்தப் பறவை தங்குகிறது, எல்லாவற்றையும் எழுதுங்கள். அடித்தூரைக் குனிந்து பாருங்கள். நல்ல மரத்தின் தூர், யானைக் கால் பாதம் போல மண்ணைத் தொடும் இடத்தில் விரிந்திருக்கும். கம்பம் நட்டது போல நேராக மண்ணுக்குள் இறங்கினால், ஏற்கெனவே யாரோ மண் கொட்டியிருக்கிறார்கள். நாலு பக்கமும் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள்.

இரண்டாம் படி: மரம் யார் மண்ணில் நிற்கிறது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் மனு எழுதினால் மனு சுற்றிக்கொண்டே இருக்கும். புல எண்ணை (சர்வே நம்பரை) கேட்டு, நிலத்தின் அளவுகளைக் காட்டும் எஃப்.எம்.பி. வரைபடமும், நிலம் யாருடையது என்று சொல்லும் அ-பதிவேடும் வாங்குங்கள். வி.ஏ.ஓ. அலுவலகத்தில் பார்க்கலாம், இணையத்திலும் கிடைக்கிறது. காட்டுக்குள் இருப்பது போலத் தெரியும் மரம், அளந்து பார்த்தால் வண்டிப்பாதையிலோ ஓடைப் புறம்போக்கிலோ நிற்கும். நம் மாவட்டத்தில் இது நிறைய நடக்கிறது, ஏனென்றால் பழைய புளிகள் பலவும் வரப்பிலும் வழியோரத்திலும் நட்டவை.

புறம்போக்கு மரம் என்றால் 2-சி பட்டா யாருக்காவது இருக்கிறதா என்று கேளுங்கள். அது மரத்தின் பலனை அனுபவிக்கும் உரிமை. மண் அரசுடையதுதான். சாலையோரப் புளி என்றால் மகசூல் ஏலம் யார் விடுகிறார்கள் என்று விசாரித்தாலே எந்தத் துறையின் மரம் என்று தெரிந்துவிடும்.

அரசு மண்ணில் நிற்கும் மரத்தை நினைத்தபடி வெட்ட முடியாது. உயர் நீதிமன்ற உத்தரவையொட்டி 2021-ல் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் பசுமைக் குழு அமைத்தார்கள். அதன் அனுமதி வேண்டும். ஒரு மரம் வெட்டினால் பத்துக் கன்று நட வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு.

பட்டா நிலத்து மரம் என்றால் நிலைமை வேறு. ஓசூர் எல்லையைத் தாண்டிக் கர்நாடகத்துக்குள் போனால், அங்கே 1976-ம் வருஷத்து மரப் பாதுகாப்புச் சட்டப்படி தனியார் நிலத்து மரத்துக்கும் அனுமதி கேட்க வேண்டும். தமிழ்நாட்டின் சமவெளியில் சந்தனம் போன்ற சிலவற்றுக்குத்தான் தனி விதி இருக்கிறது. ஓசூரில் வேப்பமரத்துக்கும் புளிக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லாதது எனக்குப் பெரிய வருத்தம். ஆனால் வழி இல்லாமல் இல்லை.

மூன்றாம் படி: மரத்தைப் பூங்காவுக்குள் கொண்டுவாருங்கள்

இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

42 அடி ஆரமுள்ள வட்டம் என்பது சுமார் 5,500 சதுர அடி. 1,200 சதுர அடி மனையாகப் பார்த்தால் நாலரை மனை. ஒரு மரத்துக்காக நாலரை மனையை விட்டுக்கொடுங்கள் என்றால் எந்த புரமோட்டரும் கேட்கமாட்டார். நாங்கள் அன்று கேட்டது அதைத்தான், அதனால்தான் வெறும் மேடை கிடைத்தது.

ஆனால் மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், அதாவது கிட்டத்தட்ட இரண்டரை ஏக்கருக்கு மேல் போனால், ரோடு போக மீதியில் 10 சதவீதத்தைப் பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் ஒதுக்கியே ஆக வேண்டும். ஓ.எஸ்.ஆர்., அதாவது திறந்தவெளி ஒதுக்கீடு, என்று சொல்வது இதைத்தான். மூன்று ஏக்கர் லே-அவுட்டில் ரோட்டுக்கு முப்பது சதவீதம் போனாலும், பூங்கா 9,000 சதுர அடிக்குக் குறையாது. அந்த இடத்தை எப்படியும் கொடுக்கத்தான் போகிறார்கள். பொதுவாக விற்காத மூலையில், பாறை மேல், மின்கோபுரத்துக்குக் கீழே கொடுப்பார்கள். அதை மரம் நிற்கும் இடத்தில் கொடுங்கள் என்பதுதான் நம் கோரிக்கை. அவருக்கு ஒரு மனையும் குறையாது.

இன்னொரு பலனும் உண்டு. பூங்கா நிலத்தைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்த அன்றே மரம் பொதுமண்ணின் மரமாகிவிடும். அதன் பிறகு வெட்ட வேண்டுமென்றால் பசுமைக் குழுவிடம் போக வேண்டும். பட்டா மரத்துக்குச் சட்டத்தில் கிடைக்காத பாதுகாப்பு இந்த வழியில் கிடைத்துவிடுகிறது.

இதெல்லாம் வரைபடம், மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் நகர் ஊரமைப்புத் துறையின் (டி.டி.சி.பி.) மாவட்ட அலுவலகத்துக்குப் போகும் முன் நடக்க வேண்டும். ஒப்புதல் வந்தபின் மாற்றச் சொன்னால் திருத்திய வரைபடம், மறுபடி கட்டணம், மறுபடி அலைச்சல். காட்டில் எல்லைக்கல் நட ஆரம்பித்த வாரமே போய்ப் பேசுங்கள். புரமோட்டரைவிட வரைபடம் போடும் ஆளிடம் பேசுவது பலன் தரும். நான் பிறகு ஒரு முறை வேறொரு மனைப்பிரிவுக்காகப் போனபோது நடந்தது இது:

"அண்ணா, பார்க்கை எங்கே வச்சிருக்கீங்க?"

"வடக்கு மூலையில தம்பி."

"இந்த மரம் எங்கே வருதுன்னு படத்துல காட்டுங்களேன்."

அவர் தேடினார். படத்தில் மரமே இல்லை. அளவெடுத்தவர்கள் கிணற்றையும் மின்கம்பத்தையும் குறித்திருந்தார்கள், எழுபது அடி பரந்த புளியைக் குறிக்கவில்லை. என் நோட்டிலிருந்த அளவை வைத்து அங்கேயே பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். பூங்கா வடக்கு மூலையிலிருந்து நடுவுக்கு நகர்ந்தது அந்த வட்டத்தைப் பார்த்த பிறகுதான்.

இரண்டரை ஏக்கருக்குக் குறைந்த மனைப்பிரிவில் இந்தப் பிடி இருக்காது. அங்கே மரத்தை மனையின் பின்பக்கக் காலியிடத்தில் வரும்படியோ, ரோட்டோரத்தில் வரும்படியோ மனைக்கோட்டை நகர்த்தச் சொல்லலாம். முழு வட்டம் கிடைக்காது. கிடைப்பதை வாங்குங்கள்.

நான்காம் படி: மனு

வாய்ப்பேச்சு போதாது. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கும், அங்கே கொடுத்து ரசீது வாங்குங்கள். நகல் ஒன்று உள்ளாட்சிக்கு, ஒன்று டி.டி.சி.பி.க்கு. மனு ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. இப்படி எழுதலாம்:

"___ கிராமம், புல எண் ___-ல் 11 அடி சுற்றளவுள்ள புளியமரம் நிற்கிறது. இந்நிலத்தில் மனைப்பிரிவு அமைய உள்ளது. திறந்தவெளி ஒதுக்கீட்டு இடத்தை இம்மரத்தை உள்ளடக்கி அமைக்கவும், மரத்தைச் சுற்றி 42 அடிக்குள் மண் நிரப்புதல், பள்ளம் தோண்டுதல் கூடாது என நிபந்தனை விதிக்கவும் வேண்டுகிறோம். அளவு, படம், வரைபடம் இணைத்துள்ளோம்."

"மரங்களைக் காப்பாற்றுங்கள்" என்று மட்டும் எழுதிய மனு "ஆவன செய்யப்படும்" என்ற பதிலோடு முடிந்துவிடும். எண்ணும் இடமும் இருந்தால் அதிகாரி நேரில் வந்து பார்த்தே பதில் எழுத வேண்டியிருக்கும்.

வெட்ட அனுமதி கொடுத்துவிட்டார்களா என்ற சந்தேகம் வந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். அந்த 30 நாளுக்குள் மரம் போய்விடலாம் என்பதால் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

"கிழட்டு மரம், உள்ளே பொந்து, விழுந்துவிடும்" என்று யாராவது சொல்வார்கள். பொந்து இருப்பதாலேயே மரம் விழாது. இரும்புக் குழாய் உள்ளே காலியாக இருந்தும் நிற்கிறதே, அதே கதைதான். ஆனால் தூரில் காளான் முளைத்திருந்தாலும், ஒரு பக்கம் மண் வெடித்து எழும்பியிருந்தாலும், புதிதாகச் சாய்ந்திருந்தாலும் நாம் பிடிவாதம் பிடிக்கக்கூடாது, வனத்துறையை வந்து பார்க்கச் சொல்ல வேண்டும். பாரமான கிளையைக் குறைத்தாலே பல மரங்கள் நின்றுவிடும். வேரோடு பெயர்த்து வேறிடம் நடலாம் என்பதையும் உடனே ஏற்காதீர்கள். ஆலும் அரசும் போத்து (வெட்டிய கிளை) நட்டாலே துளிர்க்கும் சாதி. முதிர்ந்த புளியும் இலுப்பையும் அப்படி இல்லை.

ஐந்தாம் படி: வேலை தொடங்கும் முன் வேலி

வட்டத்தின் விளிம்பில் சவுக்குக் கம்பு நட்டுத் தகரம் அடியுங்கள். இதை முதல் வண்டி உள்ளே வருவதற்கு முந்தின நாளே செய்ய வேண்டும். ஜல்லி, மணல், சிமெண்ட் மூட்டை, கலவை இயந்திரம் எதுவும் வேலிக்குள் வரக்கூடாது. நிழலாக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் மரத்தடியில்தான் இறக்குவார்கள். கலவை கழுவிய தண்ணீர் சுண்ணாம்பு போல மண்ணின் தன்மையையே மாற்றும்.

சாக்கடையோ குடிநீர்க் குழாயோ வட்டத்துக்குள் போயே தீர வேண்டும் என்றால் ஜேசிபி வேண்டாம், கடப்பாரையும் மண்வெட்டியும் போதும். கட்டைவிரல் பருமனைத் தாண்டிய வேர் கண்ணில் பட்டால் வெட்டாமல் அதன் அடியில் குழாயை நுழைக்கச் சொல்லுங்கள். மேஸ்திரிகள் இதைச் செய்யத் தெரிந்தவர்கள், யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான். வெளியே தெரியும் வேரை வேலை முடியும்வரை ஈரச் சாக்கால் மூடி வையுங்கள்.

ரோடு மட்டம் உயர்ந்தால் வட்டத்துக்குள் மண் கொட்டாமல், விளிம்பில் கல்லடுக்கி நிறுத்துங்கள். மேடை வேண்டாம். உட்கார ஆசைப்பட்டால் வட்டத்துக்குள் தனித்தனிக் கல் பெஞ்சு போடலாம்.

அறுக்க ஆள் வந்துவிட்டால்

விடுமுறை நாளில் விடியற்காலையில்தான் பெரும்பாலும் வருவார்கள் என்பது என் அனுபவம். அறுக்கும் கூலியாளிடம் சண்டை போடாதீர்கள். "அனுமதி உத்தரவைக் காட்டுங்க" என்று மட்டும் கேளுங்கள், வீடியோ எடுங்கள். வி.ஏ.ஓ., தாசில்தார், வனச்சரக அலுவலகம் மூன்றுக்கும் போன் போடுங்கள், முதல்வரின் உதவி எண்ணான 1100-லும் பதிவு செய்யுங்கள். நீதிமன்றங்கள் இதை இப்போது லேசாகப் பார்ப்பதில்லை. தாஜ்மகால் சுற்றுவட்டப் பகுதியில் அனுமதியின்றி வெட்டிய 454 மரங்களுக்கு, மரம் ஒன்றுக்கு 1 லட்சம் ரூபாய் அபராதத்தை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அங்குள்ள சட்டமும் உத்தரவுகளும் வேறு, ஆனாலும் அதிகாரியிடம் பேசும்போது இதைச் சொன்னால் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

வீடுகள் வந்த பிறகு

அக்கம்பக்கம் வேர் அறுபட்ட மரத்துக்கு முதல் இரண்டு கோடையும் தண்ணீர் வேண்டும். தூரில் ஊற்றாதீர்கள். கிளை நுனிக்கு நேர் கீழே தரையில் ஊற்றுங்கள், உறிஞ்சும் வேர் அங்கேதான் இருக்கிறது. உதிர்ந்த இலையைக் கூட்டி எரிக்காமல் அங்கேயே பரப்புங்கள். வருஷத்துக்கு ஒரு முறை அதே நோட்டோடு போய், அதே உயரத்தில் கயிறு கட்டுங்கள், தூர் விரிந்து தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள். பக்கத்து மனைக்காரர் அஸ்திவாரம் தோண்டிய மண்ணை அங்கே தள்ளியிருந்தால், அன்றே நாலு பேர் சேர்ந்து மண்வெட்டியால் இழுத்து அப்புறப்படுத்துங்கள். ஒரு மழை பெய்து இறுகிவிட்டால், அந்த மண்ணை வேர் சிதையாமல் எடுப்பது கஷ்டம்.