நிழல் முந்தியது, உடுக்கு பிந்தியது

கல்லடியில் ஒரு மண்டபத்தில், 1922ஆம் ஆண்டின் ‘நொஸ்பெராட்டு’ என்ற மௌனப் பேய்ப் படத்துக்கு கீபோர்ட்டும் உடுக்கும் வைத்து நேரடி இசை. வீட்டில் எல்லாம் சரி. மண்டப ஒத்திகையில், பேயின் நிழல் படியேறி முடிந்த பிறகுதான் உடுக்கு அதிர்ந்தது.

மூன்று நாள் ஸ்டாப்வாட்சோடு மாரடித்தேன். உடுக்கு அடிக்கும் மச்சானையும் ஏசினேன், பாவம். குதிரை வண்டி பறந்தபோதும் சந்தேகம் வரவில்லை; அதை இயக்குநர் முர்னாவே வேண்டுமென்று வேகமாக்கியிருந்தார். தெருவில் போகிறவர்களும் ஓட்டமும் நடையுமாகப் போனதைக் கண்டபோதுதான் பிடிபட்டது: வீட்டுப் பிரதி விநாடிக்கு 18 பிரேம், மண்டபத்துப் பிரதி 24. அதே படம் வேகமாக ஓடி, 60 நிமிடம் 45 ஆகிவிடும்.

பிரதியை மாற்ற வழியில்லை. அப்புறம் கடிகாரத்தை விட்டுவிட்டு, இடையில் வரும் எழுத்து அட்டைகளைக் கொப்பித் தாளில் வரிசையாக எழுதி, அவற்றைப் பார்த்தே வாசித்தோம். நிழல் படியில் ஏற, உடுக்கும் கூடவே ஏறியது.