88 ஷெவர்லேயில் 95 டேஷ்போர்டு: எங்கே கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்?

1988-இல் வந்த ஷெவர்லே சி/கே பிக்கப்புக்கு அமெரிக்காவில் இன்றும் ரசிகர் கூட்டம் உண்டு. வெளியே பார்க்க ஒரு குறையும் சொல்ல முடியாது. உள்ளே உட்கார்ந்தால்தான் முகம் சுளிக்கும். ரேடியோவின் பொத்தான்கள் ஓரிடத்தில், கேசட் போடுவது வேறிடத்தில். 1995-இல் ஜெனரல் மோட்டார்ஸ் உட்புறத்தை மாற்றியது, கேபின் கூடு பெரிதாக மாறவில்லை. அதனால் பலரும் பழைய வண்டியில் புது டேஷ்போர்டை மாட்டிவிடலாம் என்று கிளம்புகிறார்கள். மாட்டலாம்தான்.

ஆனால் பழைய சாமான் யார்டில் டேஷ்போர்டை மட்டும் மலிவாக வாங்கி வருபவர், அப்புறம் ஒவ்வொரு வாரமும் அதே யார்டுக்கு நடப்பார். மீட்டர், ஒயரிங், ஹீட்டர் பெட்டி, காற்றுக் குழாய்கள், ஸ்டியரிங் தண்டு, சின்னச் சின்னத் தாங்கிகள் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வரவேண்டும். அவசரத்தில் ஒயரைக் கனெக்டரின் கழுத்தோடு வெட்டிவிடாதீர்கள். இணைக்க முழ நீளமாவது மிச்சம் வேண்டும்.

எந்த ஆண்டு வண்டியிலிருந்து எடுப்பது என்பதில்தான் பாதி வேலை அடங்கியிருக்கிறது. என்னைக் கேட்டால் 1995தான். 1996-இல் எஞ்சின் கணினி ஓபிடி-2 என்ற கோளாறு கண்டறியும் முறைக்கு மாறியது. 1997-இல் பக்கத்து இருக்கைக்கும் ஏர்பேக் வந்தது. 1998-இல் பாஸ்லாக் திருட்டுத் தடுப்பு வேறு. 1995-க்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டு கூடக்கூட உங்கள் வண்டிக்குப் புரியாத ஒயர்கள் கூடிக்கொண்டே போகும்.

மீட்டரை மாற்றினாலும் 'டிராக்' பெட்டியை மாற்றாதீர்கள். கியர்பாக்ஸ் சென்சாரிலிருந்து வரும் சிக்னலை மைலுக்கு 4,000 துடிப்பாக்கி மீட்டருக்கு அனுப்புவது அதுதான். டயர் அளவுக்கும் பின் அச்சின் விகிதத்துக்கும் ஏற்ப அமைக்கப்பட்டிருப்பதால், வேறு வண்டியின் பெட்டியை மாட்டினால் வேகம் தப்பாகக் காட்டும்.

ஏர்பேக் விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். 1994 வரையிலான இந்த பிக்கப்பில் மோதலை உணரும் சென்சாரே கிடையாது. ஏர்பேக் உள்ள ஸ்டியரிங்கை மட்டும் மாட்டினால் அது வெறும் அலங்காரம். 1995-இல் எடை மிகுந்த 3500 போன்ற வண்டிகளுக்கு ஏர்பேக் இல்லாத ஸ்டியரிங் வந்தது, அதைத் தேடுங்கள். சாமான் எடுக்கும் வண்டியில் கழற்றும்போது பேட்டரியைத் துண்டித்துவிட்டுச் சற்றுப் பொறுத்துத் தொடங்குங்கள். மஞ்சள் கனெக்டர்களில் மல்டிமீட்டர் முனையை வைக்கவே கூடாது.

காகித வேலையையும் பலர் மறந்துவிடுகிறார்கள். மாற்றிய மீட்டரில் பழைய மைல் கணக்கை வைக்க முடியாவிட்டால், அதைப் பூஜ்யமாக்கி, பழைய கணக்கையும் மாற்றிய தேதியையும் எழுதி ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டவேண்டும் என்கிறது அமெரிக்கச் சட்டம். முன் கண்ணாடிக்கு அடியில் தெரியும், வண்டியின் அடையாள எண் உள்ள விஐஎன் தகட்டைத் தொடவே வேண்டாம். தெரிந்தே அதைப் பெயர்ப்பது ஐந்து ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம்.

முப்பது வயது பிளாஸ்டிக் குளிரில் அப்பளம்போல் நொறுங்கும். வெயில் நாளில் கழற்றுங்கள். கடைசித் திருகுகளை முறுக்கும் முன் ஹீட்டர், விளக்கு, வைப்பர் எல்லாவற்றையும் போட்டு, வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். மூடிய பிறகு ஹீட்டர் பெட்டிக்குள் காற்றைத் திருப்பும் கதவு அசையவில்லை என்று தெரிந்தால், திரும்பவும் முதலிலிருந்துதான்.