வீட்டு மதிப்பீட்டு ரிப்போர்ட்டில் மனிதர்களுக்கு மதிப்புப் போடாதீர்கள்

வேல்யூயர், அதாவது வங்கிக் கடனுக்காகச் சொத்தை மதிப்பிடும் வேலைக்குப் புதிதாக வரும் சிவில் இன்ஜினியர்கள் என்னிடம் முதலில் கேட்பது, தேய்மானம் எத்தனை சதவீதம் போடுவது என்றுதான். அதைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். நான் முதலில் சொல்லித் தருவது, சுற்றுப்புறம் பற்றிய கட்டத்தில் என்ன எழுதக் கூடாது என்பதை. சேலத்தில் இருபத்திரண்டு வருடமாக வங்கிகளுக்கு வீட்டு மதிப்பீடு எழுதுகிறேன். முதல் சில வருடங்கள் அந்தக் கட்டத்தைத் தப்பாகத்தான் நிரப்பினேன்.

அம்மாபேட்டையில் ஒரு நெசவாளர் வீடு. முன்னால் ஓட்டுக்கட்டு, அதற்குள் குழித்தறி. பின்னால் புதிதாக எழுப்பிய ஒரு கான்கிரீட் அறை. மகள் படிப்புக்காக வீட்டின் மேல் கடன் கேட்டிருந்தார்கள். டேப் பிடித்து அளந்தேன், தறிக்குழியின் ஆழம் வரைக்கும் குறித்துக்கொண்டேன். ஆபீசுக்கு வந்து கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘லோயர் கிளாஸ் லொக்காலிட்டி, மறுவிற்பனை சிரமம்.’ கேட்ட தொகையில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் அந்த வங்கி கொடுத்தது.

பத்து நாள் கழித்து அந்த அம்மா வந்தார். மஞ்சப்பையிலிருந்து ரிப்போர்ட்டின் ஜெராக்ஸை எடுத்து மேசையில் விரித்தார். அந்த வரிக்குக் கீழே பென்சில் கோடு. “எம் பொண்ணு படிச்சு அர்த்தம் சொல்லுச்சுங்க சார். லோயர் கிளாஸ்னா எங்களைத்தானுங்களா எழுதியிருக்கீங்க?” தெருவைத்தான் எழுதினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். தெருவில் என்ன குறை என்று திருப்பிக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை. இருபதடி தார் ரோடு, இரண்டு பக்கமும் சாக்கடை, மாநகராட்சிக் குழாய், ஐந்து நிமிட நடையில் பஸ். இதில் ஒன்றைக்கூட ரிப்போர்ட்டில் நான் எழுதியிருக்கவில்லை.

அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் விதி இது. டேப்பால் அளக்க முடிந்ததை எழுது. கண்ணால் பார்த்துப் போட்டோ எடுக்க முடிந்ததை எழுது. ஆவணத்தில் காட்ட முடிந்ததை எழுது. மற்றதெல்லாம் உன் நினைப்பு, அதற்கு ரிப்போர்ட்டில் இடம் இல்லை.

சொல்வது சுலபம், எழுதும்போதுதான் கை தானாகப் போகும். உதாரணமாக, திருமணிமுத்தாற்றை ஒட்டிய ஒரு வீட்டுக்கு ‘சுகாதாரமற்ற பகுதி’ என்று எழுதினால், அது ஆற்றைச் சொல்கிறதா, அங்கே குடியிருப்பவர்களைச் சொல்கிறதா என்று படிப்பவருக்குத் தெரியாது. அதையே ‘ஆற்றுக் கரையிலிருந்து 60 அடி; முன்சுவரில் தரையிலிருந்து 14 அங்குல உயரத்தில் வெள்ளக் கறை, போட்டோ 6’ என்று எழுதிப் பாருங்கள். மதிப்பு குறைந்தால் ஏன் குறைந்தது என்று வங்கிக்கும் புரியும், வீட்டுக்காரருக்கும் புரியும். அவர் படியை உயர்த்திக் கட்டிவிட்டு அடுத்த முறை கூடுதல் மதிப்பு கேட்கவும் வழி இருக்கிறது. ‘சுகாதாரமற்ற’ என்ற சொல்லை அவர் எதைக் கட்டி உயர்த்துவார்?

ஏற்காட்டில் இது வேறு மாதிரி வரும். நாகலூர் பக்கம் ஒரு வீட்டுக்கு என் உதவியாளர் ‘மலைவாழ் மக்கள் குடியிருப்புக்கு அருகில், வளர்ச்சியற்ற பகுதி’ என்று எழுதிக் கொண்டுவந்தார். நானும் அவரும் திரும்ப மலையேறினோம், இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டி. உண்மையில் விலையைத் தொடும் விஷயங்கள் அங்கே தரையிலேயே கிடந்தன. கடைசி 600 மீட்டர் மண்பாதை, அகலம் 10 அடி, ஜீப் ஏறும், லாரி ஏறாது. மனையில் மேல் மூலைக்கும் கீழ் மூலைக்கும் 9 அடி இறக்கம். தண்ணீர் கிணற்றிலிருந்து மோட்டாரில். மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாடு இருப்பதால் நினைத்தபடி மாடி எழுப்ப முடியாது. இதையெல்லாம் எழுதியபின், பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

வாடகைக்கு இருப்பவர் என்ன மதம், வீட்டுக்கார அம்மா கணவரை இழந்தவரா, குடும்பத்தில் எத்தனை பேர் என்பதும் அப்படித்தான். ‘வாடகைதாரர் குடியிருப்பில், பதினொரு மாத ஒப்பந்தம், மாத வாடகை இவ்வளவு’ என்பதோடு நிறுத்துங்கள். வழிபாட்டுத் தலம் பக்கத்தில் இருந்தால் கோயில், பள்ளிவாசல், சர்ச் எதுவானாலும் ஒரே மாதிரி, தூரத்தை மட்டும் எழுதுங்கள். கோயிலை வசதிகள் பட்டியலிலும் பள்ளிவாசலைக் குறைகள் பட்டியலிலும் வைத்த ரிப்போர்ட்டை நான் பார்த்திருக்கிறேன். வாஸ்து சரியில்லை என்று எழுதாதீர்கள். ‘தெற்குப் பார்த்த மனை’ என்பது போதும்.

பாராட்டும் இதே தப்புதான் என்பது பலருக்கு உறைப்பதில்லை. ஃபேர்லேண்ட்ஸ், சொர்ணபுரி என்றால் உடனே ‘டீசன்ட் ஏரியா, நல்ல குடும்பங்கள் வசிக்கும் பகுதி’ என்று கை எழுதிவிடும். அங்கே நல்ல குடும்பங்கள் என்றால் கிச்சிப்பாளையத்தில் இருப்பவை எந்தக் குடும்பங்கள்? ரோடு 40 அடி, தெருவிளக்கு, புதைச் சாக்கடை, ‘ஐந்து ரோடு’ சந்திப்புக்கு எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். அந்த வீட்டின் விலையை அதுவே தாங்கும்.

இடப்பெயர் ஒரு தனிச் சிக்கல். சொத்து விவரத்தில் பத்திரத்தில் உள்ள பெயரை எழுத்து மாறாமல் எழுதியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சொத்தே வேறாகிவிடும். ஆனால் அந்த ஓரிடத்தோடு சரி. சுற்றுப்புறத்தை விவரிக்கும்போது சாதிப் பெயரையோ ‘காலனி’ என்ற சொல்லையோ மறுபடி இழுக்க வேண்டாம். சர்வே எண், வார்டு, தெரு என்று குறிப்பிடுங்கள். ‘காலனி’ என்ற சொல் தீண்டாமையின் குறியீடாகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்திலேயே முதலமைச்சர் அறிவித்தார். ஹவுசிங் போர்டு காலனிக்கும் ஊருக்கு வெளியே இருக்கும் காலனிக்கும் ஒரே சொல்தான், ஆனால் வங்கி மேசையில் இரண்டும் ஒரே மாதிரி படிக்கப்படுவதில்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

இப்போது ஜூனியர்கள் கேட்கும் கடினமான கேள்வி. “சார், உண்மையிலேயே அந்தத் தெருவில் குறைச்சலாகத்தானே வாங்குகிறார்கள்? சந்தையில் இருப்பதைத்தானே எழுதுகிறேன்?” நியாயமான கேள்வி, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

சந்தையில் குறைவாக இருந்தால், அது அந்தத் தெருவில் கைமாறிய வீடுகளின் விலையிலேயே தெரியும். அண்மையில் விற்ற மூன்றைத் தேடி எடுங்கள். தேதி, பரப்பு, சதுரடி விலை எழுதுங்கள். விலை குறைவு என்றால் குறைவாக வரட்டும். அதற்கு மேல் ‘மறுவிற்பனை சிரமம்’ என்று எழுதி இன்னொரு பத்து சதவீதம் கழித்தால், ஒரே குறைக்கு இரண்டு முறை கழிக்கிறீர்கள்.

பத்திரத்தில் பெரும்பாலும் அரசின் வழிகாட்டி மதிப்பைத்தான் போடுகிறார்கள், அதனால் வெளியே விசாரிக்காமல் முடியாது. சார்பு நுழையும் வாசல் இதுதான். புரோக்கரிடம் “ஏரியா எப்படி?” என்று கேட்டால், அவர் விலையைச் சொல்ல மாட்டார், ஆட்களைப் பற்றித்தான் சொல்வார். “எந்த வீடு, எந்த மாதம், எவ்வளவுக்கு முடிந்தது?” என்று கேளுங்கள். வாங்கியவரையோ விற்றவரையோ பார்க்க முடிந்தால் பாருங்கள். புரோக்கர் சொன்ன எண்ணைச் சரிபார்த்து எழுதுங்கள், அவர் சொன்ன அடைமொழியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

ஒப்பிட எந்த வீட்டை எடுக்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். அடுத்த தெருவில் போன மாதம் விற்ற வீட்டை விட்டுவிட்டு, ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய் ஒன்றை எடுத்தால் அதற்குக் காரணம் வேண்டும். ரோட்டு அகலம், கட்டடத்தின் வயது, மனையின் அளவு எல்லாம் காரணம். ‘அது அவங்க தெரு’ என்பது காரணம் இல்லை. ரிப்போர்ட்டில் ஒரு தப்பான சொல்கூட இல்லாமலேயே இந்த இடத்தில் அநியாயம் செய்துவிட முடியும்.

இதனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் கதை இருக்கிறது. 1930களில் அங்கே வீட்டுக் கடனுக்காக அமைக்கப்பட்ட ஓர் அரசு நிறுவனம், நகரங்களை நான்கு தரமாகப் பிரித்து வரைபடம் போட்டது. கடைசித் தரத்துக்கு, அதாவது கடன் கொடுப்பது ஆபத்து என்ற பகுதிக்கு, சிவப்பு. மதிப்பீட்டாளர்கள் நிரப்பிய படிவத்தில், அங்கே கறுப்பின மக்கள் எத்தனை சதவீதம், வெளிநாட்டில் பிறந்தவர்கள் எத்தனை சதவீதம் என்பதற்கே தனிக் கட்டம் இருந்தது. வீட்டு விஷயத்தில் இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் 1968இல் வந்தது. ஐம்பது வருடம் தாண்டி 2021இலும், மதிப்பீட்டு ரிப்போர்ட்டுகளின் சுற்றுப்புற விவரிப்பில் இனத்தைக் குறிக்கும் வரிகள் இருப்பதை அங்குள்ள வீட்டு நிதிக் கண்காணிப்பு அமைப்பு எடுத்துக் காட்டியது.

நம் வங்கிகள் பல தரும் படிவத்திலும் பகுதியின் தரம் என்று ஒரு கட்டம் இருக்கிறது: உயர், நடுத்தர, ஏழை. காலியாக விட்டால் ரிப்போர்ட் திரும்பி வரும். நான் ‘இணைப்பு பார்க்க’ என்று எழுதி, ரோடு, தண்ணீர், சாக்கடை, பஸ், பள்ளி, ஆஸ்பத்திரி ஆறுக்கும் தூரமும் அளவும் கொடுத்துவிடுகிறேன். ஒன்றிரண்டு மேனேஜர்கள் போனில் கேட்டார்கள், காரணத்தைச் சொன்னேன், ஏற்றுக்கொண்டார்கள்.

கடைசியாக, பழைய ஃபைல்கள். நாம் யாரும் வெறும் தாளில் தொடங்குவதில்லை, போன ரிப்போர்ட்டைத் திறந்து பெயரை மாற்றித்தான் அடுத்ததை எழுதுகிறோம். அந்த அம்மா வந்துபோன வாரம் என் கம்ப்யூட்டரில் ‘லோயர் கிளாஸ்’ என்று தேடிப் பார்த்தேன். அம்மாபேட்டையைத் தவிர, சேலத்தின் குகைப் பகுதியில் நான்கு வீடு, தாதகாப்பட்டியில் மூன்று, பொன்னம்மாப்பேட்டையில் நான்கு. பதினொரு ரிப்போர்ட்டில் அதே வரி, புள்ளி கமா மாறாமல். அந்தக் கடன்களையெல்லாம் அதற்குள் வங்கி கொடுத்து முடித்திருந்தது. அம்மாபேட்டை வீட்டுக்கு மட்டும் திருத்திய ரிப்போர்ட்டை வங்கிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன், அடுத்த வருடக் கட்டணத்துக்கு மீதித் தொகை கிடைத்தது. நீங்கள் இன்றைக்கே தேடுங்கள்: டீசன்ட், லோயர், காலனி, பாதுகாப்பற்ற, நல்ல குடும்பங்கள், சமூகம். ஒவ்வொரு வரியாக எடுத்துவிட்டு, காலியான இடத்தில் ரோட்டின் அகலத்தை எழுதுங்கள்.